ஒரே பக்கம், வேறு வேறு உலாவி: வலைத் தரநிலைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

நீளமான படிவம் ஒன்றை நிரப்பி முடித்து, 'சமர்ப்பி' பொத்தானை அழுத்துகிறீர்கள். எதுவும் நடப்பதில்லை. உதவி எண்ணில் கேட்டால் "வேற பிரவுசர்ல ட்ரை பண்ணிப் பாருங்க" என்கிறார்கள். கணினி அதேதான், இணைய இணைப்பும் அதேதான். பிரவுசரை மாற்றியதும் படிவம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இது ஏன் என்று புரிந்துகொள்ள நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வலைப்பக்கம் என்பது என்ன என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் படத்தைக் கொஞ்சம் திருத்திக்கொண்டால் போதும்.

திரையில் பார்க்கும் பக்கம் அப்படியே எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது, அது நமக்கு அனுப்பப்படுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். வந்து சேர்வது வெறும் எழுத்துதான். 'இது தலைப்பு', 'இது பத்தி', 'இந்தப் பொத்தான் பச்சை நிறத்தில் இருக்க வேண்டும்', 'இதை அழுத்தினால் இன்னதைச் செய்' என்று வரிவரியாக எழுதிய குறிப்புகள். கணினியில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல் விசையோடு யு விசையை அழுத்திப் பாருங்கள் (மேக் கணினியில் விசைகள் வேறு). அந்தக் குறிப்புகள் அப்படியே தெரியும். அவற்றைப் படித்து, பொருள் புரிந்துகொண்டு, உங்கள் திரையின் அளவுக்கு ஏற்ப அந்த நொடியில் பக்கத்தை வரைவது உலாவி, அதாவது பிரவுசர். அதாவது, ஒரே பக்கத்தை ஆயிரம் பேர் பார்த்தால் அது ஆயிரம் முறை வரையப்படுகிறது.

குறிப்புகள் மூன்று மொழிகளில் இருக்கும். எது தலைப்பு, எது படம், எது படிவம் என்று சொல்வது எச்டிஎம்எல். நிறம், அளவு, இடைவெளி, எது எங்கே அமர வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ். அழுத்தினால், தட்டச்சு செய்தால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். இந்த மூன்றும் வெவ்வேறு விதமாகப் பழுதாகும். அதை அறிந்துகொண்டால், ஒரு தளம் உடைந்திருக்கும் விதத்தைப் பார்த்தே காரணத்தை ஓரளவு ஊகிக்க முடியும். அதற்குச் சற்றுப் பின்னால் வருவோம்.

உலாவிகள் பல, எஞ்சின்கள் மூன்று

குறிப்புகளைப் படித்து வரையும் பகுதிக்கு எஞ்சின் என்று பெயர். முகவரிப் பட்டை, புக்மார்க், தாவல்கள் எல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய மேல்கூடு. இன்று பரவலாகப் பயன்பாட்டில் இருக்கும் எஞ்சின்கள் மூன்றுதான். குரோம், எட்ஜ், ஓபேரா, பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் ஆகியவற்றுக்குள் ஓடுவது பிளிங்க். ஃபயர்பாக்ஸுக்குள் ஓடுவது கெக்கோ. சஃபாரிக்குள் ஓடுவது வெப்கிட். பிளிங்க் 2013-இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்தது என்பதால் அந்த இரண்டும் உறவு முறை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் தன் வழியில் வெகுதூரம் போய்விட்டது.

ஆகவே குரோமில் வேலை செய்யாத பக்கத்தை எட்ஜில் திறந்து பார்ப்பது பெரும்பாலும் வீண் முயற்சி. உள்ளே எஞ்சின் ஒன்றே. 'வேறு பிரவுசர்' என்றால் வேறு எஞ்சின் என்று எடுத்துக்கொள்ளுங்கள்: குரோமிலிருந்து ஃபயர்பாக்ஸுக்கோ சஃபாரிக்கோ போக வேண்டும்.

ஐபோனில் இந்தக் கணக்கு மாறும். அங்கே எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே வெப்கிட்தான் இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும், பின்னர் ஜப்பானிலும் இது தளர்த்தப்பட்டது. ஐபோனில் சஃபாரி சிக்கல் தந்தால், அதே போனில் குரோமை நிறுவிப் பார்ப்பதால் பெரும்பாலும் பயனில்லை.

யார் எழுதிய விதி?

மூன்று எஞ்சின்களும் ஒரே குறிப்பை ஒரே விதமாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் இதுதான் என்று எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த ஆவணம்தான் தரநிலை. சிஎஸ்எஸ் தரநிலைகள் டபிள்யூ3சி என்ற அமைப்பில் உருவாகின்றன. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994-இல் தொடங்கியது அது. எச்டிஎம்எல் தரநிலையை இப்போது பராமரிப்பது வாட்விஜி என்ற குழு. ஆப்பிள், மொசில்லா (ஃபயர்பாக்ஸை உருவாக்கும் அமைப்பு), ஓபேரா ஆகியவற்றின் ஆட்கள் 2004-இல் அதைத் தொடங்கினார்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரநிலை எக்மா என்ற அமைப்பிடம் இருக்கிறது. முதல் பதிப்பு 1997-இல் வந்தது.

இவற்றில் எதற்கும் உலாவி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் கிடையாது. அபராதம் இல்லை, உரிமத்தை ரத்து செய்வதும் இல்லை. எஞ்சின் எழுதும் பொறியாளர்களே அந்தக் குழுக்களில் அமர்ந்து, வாதாடி, ஒப்புக்கொண்டு எழுதுகிறார்கள். ஒரு புதிய வசதி யோசனையாகத் தொடங்கி, வரைவாகி, சோதனைக்கு வந்து, கடைசியில் தரநிலை ஆவதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். டபிள்யூ3சியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: ஒன்றையொன்று சாராத குறைந்தது இரண்டு எஞ்சின்களிலாவது ஒரு வசதி சரியாக இயங்கிக் காட்டிய பிறகே அதைப் பொதுவாக இறுதிப் பரிந்துரையாக ஏற்கிறார்கள். எழுதியதை ஒருவர் மட்டும் சரியாகப் புரிந்துகொண்டால் போதாது. வேறொருவரும் அதே ஆவணத்தைப் படித்து அதே முடிவுக்கு வர வேண்டும்.

பெட்டியின் அகலம் எவ்வளவு?

பொருளில் ஒப்புதல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஒரு சாதாரணப் பெட்டி. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பகுதியும் உலாவிக்கு ஒரு செவ்வகப் பெட்டிதான். 'அகலம் 200, உள்ளே இரு பக்கமும் 20 இடைவெளி, ஓரக்கோடு இரு பக்கமும் 5' என்று சிஎஸ்எஸ் சொல்கிறது என்று வையுங்கள். பெட்டி மொத்தம் எவ்வளவு இடம் பிடிக்கும்?

தரநிலையின்படி 200 என்பது உள்ளடக்கத்தின் அகலம் மட்டும். இடைவெளிக்கு 40, கோட்டுக்கு 10 சேர்த்தால் 250. மைக்ரோசாஃப்டின் பழைய உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 வேறு கணக்குப் போட்டது: கோடு, இடைவெளி எல்லாம் அடங்கி மொத்தமே 200. எக்ஸ்புளோரரில் பார்த்துப் பார்த்து, 600 அகலமுள்ள பக்கத்தில் மூன்று பெட்டிகளை அருகருகே கச்சிதமாக அடுக்கிய ஒருவரின் பக்கம், தரநிலையைப் பின்பற்றிய உலாவியில் 750 அகலம் கேட்கும். இடம் போதாமல் மூன்றாவது பெட்டி கீழே விழுந்துவிடும். பிழை என்று சொல்லும்படி யாரும் எதையும் செய்யவில்லை. 'அகலம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தது, அவ்வளவுதான்.

இதைத் தீர்த்த விதம் கவனிக்க வேண்டியது. தரநிலைக்கு உலாவிகள் மாறினால், பழைய கணக்கை நம்பி எழுதப்பட்ட எண்ணற்ற பக்கங்கள் உடைந்துவிடும். அதனால் பக்கத்தின் முதல் வரியில் டாக்டைப் என்ற அறிவிப்பு இருந்தால் தரநிலைப்படி வரைவது, இல்லாவிட்டால் பழைய பழக்கப்படி வரைவது என்று இரட்டை முறையை வைத்தார்கள். இன்றைய உலாவிகளிலும் அது இருக்கிறது. ஒரே ஒரு வரி விட்டுப்போனால் பக்கத்தின் அளவுகள் குழம்புவது இதனால்தான். இன்னொன்றும் நடந்தது: எக்ஸ்புளோரரின் கணக்குதான் பயன்படுத்த எளிது என்று வடிவமைப்பாளர்கள் பலர் பின்னாளில் உணர்ந்தார்கள். எந்தக் கணக்கு வேண்டும் என்று பக்கமே சொல்லிக்கொள்ளும் வசதி சிஎஸ்எஸ்ஸில் சேர்ந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் அந்தப் பழைய கணக்கையே கேட்டு வாங்குகின்றன. தரநிலை என்பது யார் சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, எல்லோரும் ஒன்றையே சொல்வதை உறுதி செய்யும் ஏற்பாடு.

மூன்று மொழிகள், மூன்று விதப் பழுதுகள்

எச்டிஎம்எல்லில் 'இது தலைப்பு', 'இது பத்தி' என்று குறிக்கும் சொல்லுக்குக் குறிச்சொல் என்று பெயர். தனக்குத் தெரியாத குறிச்சொல்லைக் கண்டால் உலாவி நின்றுவிடாது. குறிச்சொல்லை ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டும். மூட மறந்த குறிச்சொல், இடம் மாறி மூடிய குறிச்சொல் எல்லாவற்றையும் சமாளிக்கும். முன்பு ஒவ்வோர் உலாவியும் பிழையைத் தன் விருப்பப்படி சமாளித்தது. பிழையுள்ள பக்கம் ஒன்றில் ஒரு மாதிரியும் மற்றொன்றில் வேறு மாதிரியும் தெரிந்தது. இன்றைய எச்டிஎம்எல் தரநிலையில் தவறாக எழுதிய பக்கத்தை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதும் படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. வலையின் வரலாற்றில் மிகப் பெரிய நன்மை செய்த பக்கங்கள் அவை என்றே சொல்லலாம். மனிதர்கள் தவறு செய்வார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதிய விதி அது.

தேதி கேட்கும் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் நாட்காட்டி விரியும் அந்தப் பெட்டி கணினிக் குரோமில் 2012-இலும், ஃபயர்பாக்ஸில் 2017-இலும், மேக் கணினியின் சஃபாரியில் 2021-இலும் வந்தது. ஒன்பது ஆண்டு இடைவெளி. ஆனால் அந்த ஒன்பது ஆண்டும் சஃபாரிக்காரர்கள் படிவம் நிரப்பாமல் இருக்கவில்லை. தெரியாத வகைப் பெட்டியைக் கண்டால் சாதாரண எழுத்துப் பெட்டியாகக் காட்டு என்பது விதி. நாட்காட்டி விரியாது, கையால் தட்டச்சு செய்யலாம். சிக்கல் எங்கே வரும் என்றால், நாள் எண்ணை முதலில் எழுதுவதா மாதத்தை முதலில் எழுதுவதா என்று பெட்டிக்கு அருகில் சொல்லாத படிவத்தில்தான்.

சிஎஸ்எஸ்ஸும் ஏறக்குறைய இப்படியே. புரியாத வரியை மட்டும் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நிழல் விழாது, மூலை வளையாது. மோசமான நிலையில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஆனால் எழுத்து திரையில் இருக்கும். இதை அறிந்த வடிவமைப்பாளர், எல்லா உலாவிக்கும் புரியும் எளிய வரியை முதலில் எழுதி, புதிய வரியை அதற்குக் கீழே எழுதுவார். புரிந்த உலாவி கீழே உள்ளதை எடுத்துக்கொள்ளும். புரியாதது மேலே உள்ளதோடு நின்றுவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட் இவ்வளவு பெருந்தன்மையானது அல்ல. ஆயிரம் வரிகள் உள்ள கோப்பில் ஒரே ஓர் இடத்தில் உலாவிக்குத் தெரியாத புதிய எழுத்துமுறை இருந்தால் கோப்பு முழுவதுமே ஓடாது. 2020 பதிப்பில் ஒரு கேள்விக்குறியையும் புள்ளியையும் அடுத்தடுத்து எழுதும் சுருக்கம் மொழியில் சேர்ந்தது. எழுதுபவர்களுக்கு மிக வசதி. அதற்கு முந்தைய உலாவி அதைக் கண்டதும் கோப்பையே கைவிட்டுவிடும். பக்கம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்ட்டே கட்டும் தளமாக இருந்தால் உங்களுக்குத் தெரிவது வெறும் வெள்ளைத் திரை.

ஆகவே, அலங்காரம் குலைந்தும் எழுத்து படிக்க முடிந்தால் சிஎஸ்எஸ் கோப்பு வரவில்லை அல்லது புரியவில்லை என்று சந்தேகப்படலாம். எல்லாம் அழகாக இருந்தும் பொத்தான் அசையாவிட்டால், அல்லது திரை வெறும் வெள்ளையாக இருந்தால், பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட். எழுத்துகளுக்குப் பதில் புரியாத குறிகள் தெரிந்தால் அது எழுத்துக் குறியீட்டுச் சிக்கல். பக்கம் யுடிஎஃப்-8 (எழுத்துகளைக் கணினிக்குரிய எண்களாக எழுதும் முறை) என்று தன்னைச் சரியாக அறிவித்துக்கொள்ளவில்லை. இந்தத் தமிழ் எழுத்துகள் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரிவதும் ஒரு தரநிலையின் தயவால்தான்: யூனிகோட்.

புதிய எழுத்துமுறையைப் பழைய உலாவிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கருவிகள் உண்டு. பேபல் அவற்றில் பலரும் அறிந்தது. உலாவியில் இல்லாத ஒரு வசதியைத் தாமே எழுதிச் சேர்க்கும் துண்டு நிரல்களுக்குப் பாலிஃபில் என்று பெயர். இவற்றால் பக்கத்தின் எடை கூடும், வேகம் குறையும். எத்தனை பழைய உலாவி வரை ஆதரிப்பது என்பது அதனால்தான் ஒவ்வொரு தளமும் எடுக்க வேண்டிய முடிவாகிறது.

'நீ யார்?' என்று கேட்பதன் விளைவு

உலாவி ஒவ்வொரு முறை பக்கம் கேட்கும்போதும் தன் பெயரைச் சொல்லும் ஒரு வரியை அனுப்புகிறது. ஒரு வசதி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல், பெயரை வைத்தே முடிவு செய்யும் தளங்கள் ஆரம்பத்திலிருந்தே உண்டு. தொண்ணூறுகளில் நெட்ஸ்கேப் என்ற உலாவி 'மொசில்லா' என்று தன்னை அறிவித்தது. சில தளங்கள் அந்தப் பெயருக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் கொடுத்தன. எக்ஸ்புளோரர் தானும் மொசில்லா என்று சொல்லத் தொடங்கியது. பின்னால் வந்தவை எல்லாம் முன்னால் இருந்தவற்றின் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போயின. இன்றும் குரோம் அனுப்பும் அந்த வரியில் மொசில்லா, ஆப்பிள்வெப்கிட், கெக்கோ, சஃபாரி என்று எல்லாப் பெயரும் இருக்கின்றன.

2009-இல் ஓபேரா பத்தாம் பதிப்புக்கு வந்தபோது, பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை 'ஓபேரா 1' என்று எடுத்துக்கொண்டு, பழைய உலாவி என்று திருப்பி அனுப்பின. வேறு வழியில்லாமல் ஓபேரா தன்னை 9.80 என்றே அறிவித்துக்கொண்டது. 2022-இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் நூறாம் பதிப்பைத் தொட்டபோது, மூன்று இலக்கத்தில் தளங்கள் தடுமாறுமா என்று மாதக்கணக்கில் முன்கூட்டியே சோதிக்க வேண்டியிருந்தது. 'உங்கள் உலாவி ஆதரிக்கப்படவில்லை' என்ற அறிவிப்பைப் புதிய உலாவியில் பார்த்தால், குறை பெரும்பாலும் உங்கள் பக்கம் இல்லை; தளம் பெயரைப் பார்த்து வாசலிலேயே நிறுத்துகிறது.

ஓர் உலாவி மட்டுமே ஆட்சி செய்தால் இந்தச் சிக்கலே இருக்காதே என்று தோன்றும். அதையும் வலை பார்த்துவிட்டது. எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001-இல். ஏழாம் பதிப்பு வந்தது 2006-இல். பெரிய போட்டி இல்லாத அந்த ஐந்து ஆண்டுகளில் உலாவி ஏறக்குறைய உறைந்து நின்றது. அதற்கென்றே எழுதிய அலுவலகத் தளங்கள் அதற்குப் பிறகும் நீண்ட காலம் அதோடு கட்டுண்டு கிடந்தன. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்புளோரரை ஓய்வு பெறச் செய்தது 2022 ஜூனில்தான். குரோமில் மட்டும் சோதித்துவிட்டு 'வேலை செய்கிறது' என்று முடிப்பது அதே குழியை மறுபடி தோண்டுவது.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். எஞ்சின்கள் எல்லாம் ஒரே பொதுச் சோதனைத் தொகுப்பை ஓட்டிப் பார்க்கின்றன. எந்தெந்த வேறுபாடுகளை அந்த ஆண்டில் களைவது என்று கூகுள், ஆப்பிள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட் முதலியவை 'இன்டராப்' என்ற பெயரில் 2022 முதல் ஆண்டுதோறும் பட்டியல் போட்டு வேலை செய்கின்றன. 2023-இல் 'பேஸ்லைன்' என்ற அடையாளமும் வந்தது: குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி நான்கிலும் ஒரு வசதி வந்துவிட்டால் 'புதிதாகக் கிடைப்பது', அதிலிருந்து 30 மாதம் கழிந்தால் 'பரவலாகக் கிடைப்பது'. உங்களுக்காக யாராவது தளம் கட்டித் தருவதானால், பரவலாகக் கிடைக்கும் வசதிகளை மட்டும் நம்பிக் கட்டச் சொல்லுங்கள். மூன்று எஞ்சின்களிலும், உண்மையான ஐபோன் ஒன்றிலும் ஆண்ட்ராய்டு போன் ஒன்றிலும், படிவம் முதல் பணம் செலுத்துவது வரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எல்லா உலாவியிலும் இம்மி பிசகாமல் ஒரே தோற்றம் வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். தேர்வுப் பட்டியல், சுருள்பட்டை போன்றவை அந்தந்தக் கருவியின் பாணியில் இருப்பதே பயனருக்குப் பழக்கமானது. எல்லோராலும் வேலையை முடிக்க முடிகிறதா என்பதுதான் அளவுகோல்.

தளம் ஓடவில்லை என்றால்

முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய கோப்புகளை விட்டுவிட்டுப் புதிதாகக் கொண்டுவரும். பாதி பழையது, பாதி புதியது என்று கலந்ததால் வரும் பழுதுகள் இதில் தீர்ந்துவிடும். தீராவிட்டால் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள்: அங்கே குக்கிகள் புதிது, எக்ஸ்டென்ஷன்களும் (உலாவியில் நாம் கூடுதலாகச் சேர்த்த துணைநிரல்கள்) வழக்கமாக ஓடாது. அங்கே சரியாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் விளம்பரத் தடுப்பான் போன்ற ஒரு எக்ஸ்டென்ஷன், அல்லது கெட்டுப்போன குக்கி. எஞ்சின் மேல் பழி இல்லை.

அடுத்து, உதவிப் பட்டியலில் 'பற்றி' என்ற இடத்தில் பதிப்பு எண்ணைப் பார்த்து அப்டேட் செய்யுங்கள். குரோமும் ஃபயர்பாக்ஸும் சில வாரங்களுக்கு ஒரு பதிப்பு வெளியிடுகின்றன. ஆண்ட்ராய்டில் உலாவி தனியாகப் புதுப்பிக்கப்படும்; ஐபோனில் சஃபாரியின் எஞ்சின் ஐஓஎஸ்ஸோடு சேர்ந்தே வரும். ஐஓஎஸ் அப்டேட் நின்றுபோன பழைய ஐபோனில் உலாவியும் அங்கேயே நின்றுவிடும். பல தளங்கள் ஒரே நேரத்தில் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் கருவியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தவறான தேதி, தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் காலாவதியானவையாகக் காட்டும். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் போன்ற செயலிகளில் வந்த இணைப்பு அந்தச் செயலிக்குள்ளேயே திறந்திருந்தால், முகவரியை நகலெடுத்து உண்மையான உலாவியில் திறவுங்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் வேறு எஞ்சின்.

அங்கே வேலை முடிந்துவிட்டாலும், தளத்தாருக்கு ஒரு வரி எழுதுங்கள். 'சைட் ஓடல' என்பது அவர்களுக்கு உதவாது. உலாவியின் பெயர், பதிப்பு எண், விண்டோஸா ஆண்ட்ராய்டா ஐஓஎஸ்ஸா, அதன் பதிப்பு, எந்தப் பக்கத்தில் எதை அழுத்தினீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, வேறு எந்த உலாவியில் சரியாக ஓடியது, ஒரு திரைப்பிடிப்பு. கடவுச்சொல், கணக்கு எண் திரைப்பிடிப்பில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபயர்பாக்ஸின் உதவிப் பட்டியலில் பழுதான தளத்தைத் தெரிவிக்கும் வசதியே இருக்கிறது. அங்கே தெரிவித்தால் அது எஞ்சின் எழுதுபவர்களிடம் போய்ச் சேரும். பிழை தளத்தில் இல்லாமல் எஞ்சினில் இருந்தால் திருத்த வேண்டியவர்கள் அவர்கள்தான்.